மறு: 'வட்டு வளைவு' வேண்டாம், 'தடுப்பு உதறல்' சரியாக வருமா?

> பிரேக் அடிக்கும்போது ஸ்டீரிங் ஆடுவதற்கு 'வட்டு வளைவு' என்றே கலைச்சொல் வைத்துவிடலாம். மெக்கானிக்குகளும் 'டிஸ்க் பெண்டு' என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள்தான், எனக்கு உறுத்துவதும் அதுவே. ஸ்டீரிங் ஆடுது என்று வண்டியைக் கொண்டுபோனால், சக்கரத்தைக் கழற்றும் முன்பே 'டிஸ்க் பெண்டு' என்று தீர்ப்பு வந்துவிடும். லேத்தில் கடைந்து மாட்டுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி ஆடத் தொடங்கும். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க் அப்பளம்போல நெளிந்துபோவது அபூர்வம். அறிகுறிக்கு வைக்கும் பெயரிலேயே காரணத்தை எழுதிவிட்டால், வேறு காரணத்தை யார் தேடுவார்கள்?

வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறக்கி, ஆழியாறு சோதனைச்சாவடியில் பெடலை அழுத்தியபடியே நிற்கிறோம் என்று வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் (அதை இருபுறமும் கவ்வும் உராய்வுக் கட்டை) கவ்வியிருந்த இடத்தில் மட்டும் பேட்டின் பூச்சு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் அதிகமாகப் பிடிக்கும், அதிகமாகச் சூடாகும். சூடு மிக ஏறினால் அங்கே இரும்பே சிமென்டைட்டாக (இரும்பும் கரியும் சேர்ந்த கடினமான சேர்மம்) மாறிக் கெட்டிப்படும். மேலாகக் கடைந்தாலும் அடியில் வேர் இருக்கும்.

இன்னொரு காரணம் இதைவிடச் சாதாரணம். ஹப் (டிஸ்க் உட்காரும் சக்கர மையம்) முகத்தில் துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டுவது, அல்லது சக்கர நட்டுகளை ஏனோதானோவென்று காற்றுத் துப்பாக்கியால் முறுக்குவது. டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். பிரேக் போடாதபோதும் ஒரே இடம் பேட்டில் உரசி உரசித் தேயும். 0.02 மி.மீ. தடிப்பு வேறுபாடே காலுக்குத் தெரிந்துவிடும். டிஸ்க் எங்கேயும் வளையவில்லை, கவனியுங்கள்.

> அப்படியானால் 'பிரேக் அதிர்வு' போதாதா?

மிகவும் அகலம். பிரேக்கின் கிரீச் சத்தமும் அதிர்வுதான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலைசெய்யும்போது பெடல் துடிப்பதும் அதிர்வுதான், அது கோளாறே கிடையாது. நாம் பெயர் தேடுவது சக்கரச் சுழற்சியோடு கட்டுண்ட ஆட்டத்துக்கு. சிறு காரின் சக்கரச் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 சுற்று. தடித்த இடம் ஒன்றே இருந்தால் நொடிக்கு 15 உதை, 50-க்கு வந்தால் பாதி. கிரீச்சின் சுருதி அப்படி வேகத்தோடு இறங்காது. பாடநூலின் 'திணிப்பு அதிர்வு' (வெளி விசை தன் வேகத்தில் ஆட்டுவிக்கும் அதிர்வு) இயற்பியல்படி துல்லியம், ஆனால் பட்டறையில் சொன்னால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

'உதறல்' என்பதற்கு என் ஓட்டு. கை உதறுது, உதறல் எடுக்குது என்று ஏற்கெனவே வாயில் புழங்கும் சொல். கிளைக்கவும் செய்யும்: ஸ்டீரிங் உதறல் என்றால் முன்சக்கரத்தைப் பார், இருக்கை உதறல் என்றால் பின்சக்கரத்தைப் பார். பிரேக் தொடாமலே உதறினால் வீல் பேலன்ஸிங்கைப் பார். சூடேறினால் மட்டும் வருவது 'சூட்டுதறல்'. அதன் எதிர்வகையைக் 'குளிர் உதறல்' என்று மட்டும் வைக்காதீர்கள், மலேரியா வார்டு ஞாபகம் வரும். 'தேய்வுதறல்' எனலாம்.

> 'தடை உதறல்' இன்னும் சுருக்கமாக இல்லையா?

ரோட்டு மேட்டுக்கு 'வேகத்தடை' என்று பலகை வைத்தாகிவிட்டது. குழப்பம் வரும். அச்சில் 'தடுப்பு உதறல்', பேச்சில் 'பிரேக் உதறல்' இருக்கட்டும்.

அடுத்து, டிஸ்க் எவ்வளவு சாய்ந்து சுழல்கிறது என்று டயல் கேஜில் (நுண் அசைவை முள்ளால் காட்டும் அளவி) அளப்பதற்கு ஒரு சொல் வேண்டும். காந்த ஸ்டாண்டை நக்கிளில் (ஹப்பைத் தாங்கும், சுழலாத பாகம்) ஒட்டி, ஊசியை டிஸ்க் முகத்தில் வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றினால் முள் எவ்வளவு போய் வருகிறதோ அது. பல கார்களில் 0.05 மி.மீ. தான் வரம்பு. 'பக்க ஆட்டம்' என்று முன்பு எழுதியிருந்தீர்கள். 'பேரிங் ஆட்டம்' என்று தனியாக ஒன்று இருப்பதால் அது ஆகாது. 'தளவிலகல்' என்று முன்மொழிகிறேன். மைக்ரோமீட்டரில் எட்டு இடத்தில் அளப்பதற்குத் 'தடிப்பு வேறுபாடு' தெளிவாகவே இருக்கிறது, விட்டுவிடலாம்.

பின்சக்கர பிரேக்கின் உருளையான டிரம் ஓவல் ஆவதற்கு வந்த 'நீள்வட்டத் தேய்வு' மீதும் அதே புகார்தான். கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனாலும் ஓவல் ஆகும், அங்கே தேய்வு எங்கே? 'நீள்வட்டமாதல்' போதும்.