புதிய ஊரில் கோல்ஃப்: கிளப்பில் சேர வெள்ளிக்கிழமை வரைதான் கெடு, என்ன செய்வது?

புதுக்குடியேறி:
அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து இன்னும் பெட்டிகளைக்கூட முழுமையாகப் பிரிக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறதே என்று விசாரிக்கப் போனேன். இந்த ஆண்டுக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருக்கிறது என்றும், நுழைவுக் கட்டணத்தையும் ஓராண்டுச் சந்தாவையும் வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் செயலாளர் சொல்லிவிட்டார். கட்டினால் கையிருப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். கட்டாவிட்டால் எங்கே, யாரோடு ஆடுவது என்றே தெரியவில்லை. ஒரு மைதானம் நல்ல மைதானமா என்பதைப் புதிதாக வந்தவன் எப்படித் தெரிந்துகொள்வது? தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.

பழைய ஆட்டக்காரர்:
தம்பி, யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள். நான் வந்த புதிதில் எந்தக் கிளப்பிலும் இல்லாமல் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். பொது மைதானத்தில் தனியாளாகப் போய் நின்றால், முதல் குழியருகே நிற்கும் ஸ்டார்ட்டர் மூவர் உள்ள ஏதாவதொரு குழுவில் நம்மைச் சேர்த்துவிடுவார். அவர்களும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்; ஆனால் 18ஆம் குழியில் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்கியதும் கார் நிறுத்துமிடத்தில் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள், அடுத்த வாரம் மறுபடியும் யாரென்றே தெரியாத மூவர் வருவார்கள். குளிர்காலம் முழுவதும் அப்படியே கழிந்தது.

கிளப்பில் சேர்ந்த பிறகுதான் சனிக்கிழமைக் காலை ஆட்டம் என்றால் என்னவென்று கண்டேன். முன்பதிவு எதுவும் கிடையாது. வந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பந்தைக் கொடுப்பார்கள்; ஒருவர் அவற்றை மொத்தமாக அள்ளிப் புல்வெளியில் எறிவார்; அருகருகே விழும் பந்துகளுக்கு உரியவர்கள் அன்றைக்கு ஒரு குழு. இப்படி எறியப்பட்ட பந்துகளால்தான் எனக்கு இந்த ஊரில் நண்பர்கள் கிடைத்தார்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

பொதுமைதானப் பிரியன்:
பெரியவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. ஊரையே சுற்றிப் பார்க்காதவர் ஒரே மைதானத்தில் ஓராண்டுப் பணத்தைக் கொட்டுவது என்ன கணக்கு? கிளப்பில் இருந்தால்தான் தரமான மைதானம் என்பது வெறும் மயக்கம். ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற பழைய மைதானமே பொதுமக்களுக்கு உரியது. வெளியாட்கள் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மக்கள் அதில் உலாவப் போகிறார்கள். 2002, 2009 ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பன் நடந்த பெத்பேஜ் பிளாக் நியூயார்க் மாநில அரசின் பூங்காவில் இருக்கிறது. மிகக் கடினமான மைதானம், தேர்ந்தவர்கள் மட்டும் ஆடுவது நல்லது என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்களே தவிர, உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2008இலும் 2021இலும் அதே போட்டியை நடத்திய டோரி பைன்ஸ் சான் டியேகோ நகராட்சியின் சொத்து.

ஆகவே ஓராண்டு சுற்றி ஆடுங்கள். மாலையில் கட்டணம் குறையும் நேரத்துக்குப் போனால் செலவும் குறையும், எந்த மைதானத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது, எதில் வடிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஞாயிறு ஆட்டக்காரி:
இருவருமே ஆண்களின் அனுபவத்தை எழுதுகிறீர்கள். நான் சேர்ந்த முதல் கிளப்பில் சந்தா இருபாலருக்கும் ஒன்றுதான். ஆனால் பெண்களுக்கான போட்டிகள் எல்லாம் செவ்வாய்க்கிழமைக் காலையில். வேலைக்குப் போகும் பெண் எப்படி ஆடுவது என்று கேட்டபோது, எப்போதும் இப்படித்தான் நடக்கிறது என்பதே குழுவின் பதிலாக இருந்தது. அகஸ்டா நேஷனல் 2012இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் 2014இலும், மியூர்ஃபீல்ட் 2017இலும்தான் பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவு செய்தன என்பதை நினைத்தால் அந்தப் பதில் எனக்கு வியப்பளிக்கவில்லை. கேட்டவரின் வீட்டில் வேறு யாரேனும் ஆடுவார்களா என்பதை அவர் எழுதவில்லை. ஆடுவார்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் போட்டி அட்டவணையை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது ஆள்:
போட்டி அட்டவணை கிடக்கட்டும், உடைக் கட்டுப்பாட்டைப் பற்றி யாராவது பேசுங்கள். காலர் இல்லாத சட்டை என்று சொல்லி என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே ஒருவர் காலர் வைத்த சட்டையோடு பங்கர் எனும் மணற்பள்ளத்தைக் காலால் கிளறிவிட்டுச் சமன் செய்யாமல் போய்க்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பழைய ஆட்டக்காரர்:
உடையாவது பரவாயில்லை. இப்போது 18 குழிகளை முடிக்க ஐந்து மணி நேரம் ஆகிறது. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் என்று 2019இல் விதியைத் திருத்தி எழுதினார்கள். ஒவ்வொருவரும் புதையல் தேடுவதுபோல் புதருக்குள் நிற்கிறார்கள்.

கணக்கர்:
வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, கேட்டவரின் கேள்விக்கு வருவோம். ஐயா, உங்கள் ஹேண்டிகேப் (திறனுக்கேற்ப உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகளின் எண்) என்ன, எந்தெந்த நாட்களில் ஆட முடியும், எவ்வளவு காலம் அந்த ஊரில் இருப்பீர்கள் என்பது தெரியாமல் சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது ஜோசியம்தான்.

புதுக்குடியேறி:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதினேன். ஹேண்டிகேப் 19. சனிக்கிழமை மட்டுமே ஆட முடியும். வேலை ஒப்பந்தம் ஈராண்டு. மனைவி இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்கர்:
நன்றி. எந்த நாடு என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை. ஜெர்மனி என்றால், உங்கள் மனைவி மைதானத்தில் இறங்குமுன் பிளாட்ஸ்ரைஃப என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டியிருக்கும். வேறு பல நாடுகளில் அப்படி எதுவும் கேட்கமாட்டார்கள். மற்றவை எங்கும் பொருந்தும்.

சனிக்கிழமை மட்டுமே ஆடுபவர் முதலில் கேட்க வேண்டியது மைதானத்தின் அழகைப் பற்றி அன்று. வரும் சனிக்கிழமைக்கான நேரப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காலை முழுவதும் போட்டிக்கும் பழைய குழுக்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தால், நீங்கள் கட்டும் சந்தா உங்களுக்குப் பிற்பகல் மூன்று மணியைத்தான் வாங்கித் தரும். பெரியவர் சொன்ன பந்து எறியும் ஆட்டம் அங்கே உண்டா, புதியவர் அதில் கலந்துகொள்ளலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவதாக, மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள். சந்தாவுக்கு மேல் தேசியச் சங்கக் கட்டணம், லாக்கர் வாடகை, கிளப் உணவகத்தில் ஆண்டுக்கு இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை பின்னால் வரக்கூடும். ஆண்டின் நடுவில் சேருபவருக்குச் சந்தா குறையுமா, தவணையில் கட்டலாமா, இடையில் மாற்றலானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை ஈராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு முக்கியம். திரும்பக் கிடைக்காத நுழைவுக் கட்டணம் பெரிய தொகையாக இருந்தால், என் கருத்தில் அந்தக் கிளப் உங்களுக்கானது அன்று. பந்து பட்டு யாருக்காவது காயம் ஏற்பட்டால் ஈடுசெய்யும் காப்பீடு உறுப்பினர் கட்டணத்தில் அடங்குமா என்றும் கேளுங்கள். அடங்காவிட்டால், எங்கே ஆடினாலும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தின் தரத்தைக் கண்டறிய ஒரு மாலைப்பொழுது போதும். மூன்றே அடிகளில் முடிக்க வேண்டிய பார்-3 குழி ஒன்றின் டீ மேடையில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், போய் நில்லுங்கள். அங்கே எல்லோரும் இரும்பு மட்டையால் அடிப்பதால் புல் பெயர்ந்துகொண்டே இருக்கும். பெயர்ந்த இடங்களில் விதை கலந்த மணல் நிரப்பியிருந்தால் பராமரிப்பு ஒழுங்காக நடக்கிறது. பிறகு குழியைச் சுற்றியுள்ள கிரீன் எனும் வழவழப்பான புல்தரைக்குப் போய்க் குனிந்து பாருங்கள். பந்து விழுந்த பள்ளங்கள் சரிசெய்யப்படாமல் வடுவாகக் கிடந்தால், அது ஊழியர்களின் குறையைவிட உறுப்பினர்களின் குறை. அவர்களோடுதான் நீங்கள் ஆடப் போகிறீர்கள். கிரீன்களில் துளையிட்டு மணல் போடும் தேதிகளையும் கேளுங்கள். அந்தப் பணி முடிந்து சில வாரங்களுக்குப் பந்து நேராக உருளாது. அதைப் பார்த்து மைதானமே மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஹேண்டிகேப் பற்றிக் கவலை வேண்டாம். 2020 முதல் உலகெங்கும் பெரும்பாலும் ஒரே முறைதான் நடைமுறையில் இருக்கிறது. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8இன் சராசரியே உங்கள் எண். பழைய கிளப்பிலிருந்து ஆட்டப் பதிவை வாங்கி அனுப்பினால், புதிய இடத்தில் அதையே தொடர்வார்கள். பதிவே கிடைக்காவிட்டால், மொத்தம் 54 குழிகளுக்கு ஸ்கோர் அட்டைகளைக் கொடுத்துப் புதிதாக வாங்கலாம்.

ஆனால் மைதானம் சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் ஸ்லோப் எண்ணைக் கவனியுங்கள். அது 55 முதல் 155 வரை இருக்கும், 113 நடுத்தரம். மைதான மதிப்பீடும் (கைதேர்ந்தவர் அங்கே எடுக்கக்கூடிய அடிகள்) பாரும் (மைதானத்துக்கு வகுத்த மொத்த அடிகள்) சமம் என்று வைத்துக்கொண்டால், ஸ்லோப் 135 உள்ள இடத்தில் உங்கள் 19 என்பது 23 ஆகும், 105 உள்ள இடத்தில் 18 ஆகும். எண் பெரிதாக இருப்பதால் மைதானம் உயர்ந்தது என்று பொருளில்லை; சாதாரண ஆட்டக்காரரை அது அதிகம் படுத்தும், அவ்வளவுதான். மனைவி கற்றுக்கொள்ள அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவர் டிரைவிங் ரேஞ்ச் எனும் பயிற்சித் திடலிலும் குறுகிய ஒன்பது குழி மைதானத்திலும் தொடங்கட்டும்.

கடைசியாக, பணம் கட்டுமுன் விருந்தினராக ஒரு சுற்று ஆட அனுமதி கேளுங்கள். அதற்கும் மறுக்கும் கிளப்புக்கு அவசரமாகப் பணம் கட்டத் தேவையில்லை.

பொதுமைதானப் பிரியன்:
விருந்தினர் சுற்றுக்கு நானும் உடன்படுகிறேன். ஓராண்டு சுற்றி ஆடலாம் என்ற கருத்தை மட்டும் விடமாட்டேன்.

புதுக்குடியேறி:
செயலாளரிடம் பேசினேன். வியாழக்கிழமை பிற்பகல் உறுப்பினர் ஒருவரோடு ஆடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். முடிவை வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் போதுமாம். நேரப் பதிவேட்டையும் காட்டினார்: சனிக்கிழமை பதினொரு மணி வரை போட்டிதான், அதன் பிறகு இடம் இருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். என் மட்டைகள் கப்பலில் வந்துகொண்டிருக்கின்றன. கிளப்பின் கடையான புரோ ஷாப்பில் வாடகைக்குக் கிடைக்குமா? நான் இடக்கை ஆட்டக்காரன்.

கணக்கர்:
வாடகை மட்டைகள் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் இடக்கைக்காரருக்கு ஒரே ஒரு செட் வைத்திருந்தாலே அதிகம். இப்போதே தொலைபேசியில் அழைத்து உங்கள் பெயரில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அங்கே இல்லையென்றால் டிரைவிங் ரேஞ்சில் கேளுங்கள். வியாழக்கிழமை போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.