வாளி, சுண்ணாம்பு, ஒரு நாடாக் கட்டில்

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்து அனுப்பிய இடம் அது. அங்கே வேலை பார்த்த மனிதர் எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு வாஷர் மாற்றி நான் பார்த்ததில்லை. காலையில் சங்கு ஊதினால் போவார், சாயங்காலம் ஊதினால் வருவார். ஆணி அடிப்பதிலிருந்து ஃபியூஸ் போடுவது வரை நான்தான். இப்போது இரண்டு பேரும் ஓய்வில் இருக்கிறோம். யார் மேஸ்திரி, யார் சித்தாள் என்பதில்தான் தகராறு.

போன மாசியில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க முடிவு செய்தோம். திருச்சி வெயில் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்கும். தளம் வெள்ளையாக இருந்தால் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

முதல் நாள் மாலையே கல் சுண்ணாம்பை ஊற வைக்க வேண்டும். "பழைய எண்ணெய் டின்னில் போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் பிளாஸ்டிக் வாளியில் சுண்ணாம்பு கொதகொதவென்று கொதிக்கிறது. வாளி ஒரு பக்கமாக இளகி, கோபித்துக்கொண்ட குழந்தையின் உதடு மாதிரி பிதுங்கி நிற்கிறது. பாய்லர் பக்கத்தில் இருந்த மனிதருக்கு இது தெரியாதா? கேட்டேன். "அங்கே எல்லாம் இரும்பு, டீச்சர்" என்றார். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கணக்கு டீச்சராக இருந்தேன், பழகிவிட்டது. எப்படியோ கிட்ட போகாமல், தண்ணீர் ஆறியபின் டின்னுக்கு மாற்றினோம். சூடு அடங்காத சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

காலை ஆறு மணிக்கு மாடி ஏறினோம். மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சுண்ணாம்பு அடிக்க அந்தப் பனிதான் வேண்டும். காய்ந்து கிடக்கும் தளத்தில் அடித்தால் ஈரத்தைத் தரை குடித்துவிடும், சுண்ணாம்பு பிடிக்காமல் மாவாக உதிரும். அன்றைக்கு வெயிலும் இதமாக, காற்றும் இருந்தது. பெருக்கி, தண்ணீர் தெளித்து, வடிகட்டிய சுண்ணாம்பில் சோற்றுக் கஞ்சி கலந்து, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஆரம்பித்தோம். அவர் கண்ணாடி போட்டிருந்தார். நான் பழைய கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மட்டையால் இழுக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகவே தெரியாது. அழுக்குத் தண்ணீர் ஊற்றியது போல இருக்கும். "ஒண்ணுமே பிடிக்கல, கெட்டியாப் போடணும்" என்று அவர் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்தார். கெட்டியாகப் போட்டால் பாளம் பாளமாகப் பெயரும் என்று தடுத்தேன். பொறுத்திருந்து பார்த்தோம். முதலில் அடித்த மூலையில் இருந்து வெண்மை மெல்ல எழுந்து வந்தது. பால் உறை மாதிரி ஓரம் முதலில், நடு அப்புறம். காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அதற்கு நாள் ஆகும். அவர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு டின் தூக்கப் போனார். மேஸ்திரி யார் என்பது அங்கே முடிவானது.

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பெண், "ஏன் ஆன்ட்டி, ஆள் வைக்கக் கூடாதா?" என்றாள். "ஆள் வச்சிருக்காங்கம்மா, சம்பளம்தான் தரல" என்று இவர் தன்னையே காட்டினார்.

பத்து மணிக்குள் ஒரு கோட் முடிந்தது. இரண்டாவது கோட் மறுநாள்தான்.

குளித்துச் சாப்பிட்டபின் படுத்திருக்கலாம். மாமனாரின் தேக்குக் கட்டில் ஒரு வருடமாக நாடா இல்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது, அது அவர் கண்ணில் பட்டது. நாடா எவ்வளவு வேண்டும் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார், பணிமனைப் பழக்கம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டு அங்குல நாடா. நீளவாக்கில் 18 சுற்று, சுற்றுக்கு 13 அடி, ஆக 234. குறுக்கே 36 சுற்று, சுற்றுக்கு ஆறரை அடி, அதுவும் 234. "பாரேன், ரெண்டும் ஒண்ணா வருது!" என்று ஆச்சரியப்பட்டார். அதே பரப்பைத்தான் இரண்டு முறை மூடுகிறோம், வேறு எப்படி வரும் என்றேன். எட்டாம் வகுப்புப் பையனிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டேனோ என்று அப்புறம் தோன்றியது.

பெரியகடை வீதியில் வாங்கி வைத்த 150 மீட்டர் பச்சை வெள்ளை நாடாவை எடுத்து உட்கார்ந்தோம். நீளவாக்கில் சுற்றுவது சுலபம். குறுக்கே ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நுழைத்து இழுக்கும்போதுதான் இரண்டு ஆள் வேண்டும். அவர் காலைச் சட்டத்தில் ஊன்றி இழுப்பார், நான் கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருப்பேன். அவர் பிடித்து முடிச்சுப் போடும் வரை விடக் கூடாது. விட்டால் இரண்டு வரிசை தள்ளி எங்கோ தொய்யும். பாதி வந்தபின் முதல் நான்கு வரிசை தொட்டில் மாதிரி இறங்கிவிட்டது, அவிழ்த்துப் போட்டோம். இந்த இடத்தில் இழுப்பதில் அவர் சொன்னதைத்தான் நான் கேட்டேன். எஞ்சின் போல்ட்டை முறுக்கிய கை, எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது.

கடைசியில் மூன்று சுற்று நாடா குறைந்தது. வரிசையை நெருக்கி நெருக்கித் தள்ளினோம் அல்லவா, கணக்கில் அது இல்லை. அவர் முகம் விழுந்தது. பழைய நாடாவில் நல்ல துண்டைத் தேடி எடுத்து ஒட்டுப்போட்டேன். கால் மாட்டில் மட்டும் மூன்று வரிசை பழுப்பு நிறப் பருத்தி. மாமனார் காலத்து நாடா அது. அவர் சட்டென்று ஒன்றும் சொல்லவில்லை, அதைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோணல் வாளி இன்னும் கொல்லையில் நிற்கிறது. தூக்கிப் போடச் சொன்னால் கறிவேப்பிலை வைக்கலாம் என்கிறார். அடியில் ஓட்டை போட வேண்டாமா என்றேன். "அதுதான் ஏற்கெனவே இருக்கே" என்றார்.