புதுப்பிப்பு: துணை எஞ்சின் இப்போது அலறுவதில்லை

என் 18 அடிப் படகில் பெரிய எஞ்சினுக்குத் துணையாகப் பூட்டிய சின்ன எஞ்சின், அலை தூக்கும்போதெல்லாம் விசிறி வெளியே வந்து அலறுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். எஞ்சினிலிருந்து விசிறி வரை இறங்கும் தண்டின் நீளம்தான் காரணம். என்னுடையது 15 அங்குலக் குட்டைத் தண்டு. எஞ்சினை மாட்டும் பின்பலகையோ 20 அங்குல உயரம். அதனால் விசிறி நீரில் போதிய ஆழத்துக்கு இறங்கவில்லை. ஏற்றி இறக்கும் தாங்கி ஒன்றை வாங்கி, விசிறிக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி பூட்டினேன். தாங்கிக்காகப் பலகையில் போடும் துளைகளில் நீர் புகாத பசை நிரப்பாமல் விடாதீர்கள். உள்ளிருக்கும் மரம் நீர் குடித்தால் பலகையே உளுத்துவிடும்.

நேற்று முல்லைத்தீவுக் கடலில் பெரிய எஞ்சினை நிறுத்திவிட்டு, சின்னதை மட்டும் ஓட்டிக் கரைக்குத் திரும்பினேன். சோளகம் (தென்மேற்குக் காற்று) முகத்தில் அடித்தது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் ஒருமுறைகூட அலறவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் திருகுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எஞ்சினுக்குத் தனியாக ஒரு காப்புக் கயிறு கட்டச் சொன்னார். கட்டிவிட்டேன்.