சின்னப் பட்டறைக்கு ‘லீன்’ சரிப்பட்டு வருமா?

வியாசை பிரஸ் ஷாப்:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் பக்கம் ஒரு கூட்டம் நடந்தது. லீன் என்றால் வேலையில் விரயத்தைக் குறைக்கும் முறை, ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியிலிருந்து வந்தது. சிறு தொழில்களுக்கான லீன் திட்டத்தை 2023 மார்ச்சில் மத்திய அரசு புதுப்பித்தது இல்லையா, அதைப் பற்றி. ஆலோசகர் செலவில் 90 சதவீதம் அரசு ஏற்கிறது என்றார்கள். அப்படியும் பாதிப் பேர் “இதெல்லாம் டொயோட்டாவுக்கு, நமக்கு எதுக்கு” என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அது வருத்தம். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் மூன்று பவர் பிரஸ், ஏழு ஆட்கள். பெரிய கம்பெனிகளுக்குத் தகட்டில் பிராக்கெட், வாஷர் அடித்துக் கொடுக்கும் ஜாப் வொர்க். பிரஸ்ஸில் ஒரு டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை, இறக்கி இன்னொன்றை ஏற்ற 1 மணி 40 நிமிடம் ஆகும். ஒரு நாள் அதை முழுசாகப் போனில் வீடியோ எடுத்து, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். டையில் கை வைத்து வேலை செய்த நேரம் அரை மணிகூட இல்லை. 19 ஸ்பேனரைத் தேடுகிறார்கள். ஷீட் கட்டுக்குப் பின்னால் கிடக்கும் டையை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். உயரம் சேரவில்லை என்று ஸ்கிராப்பில் தகடு பொறுக்கி அடியில் செருகுகிறார்கள். அப்புறம் முப்பது பீஸ் அடித்துப் பார்த்துத் தூக்கிப் போடுகிறார்கள்.

ஆலோசகர் யாரும் வரவில்லை, நாங்களே உட்கார்ந்து பேசினோம். எல்லா டைக்கும் அடியில் பிளேட் வெல்டு வைத்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தோம். போல்ட் எல்லாம் ஒரே சைஸ். பிரஸ் மேடை உயரத்துக்கே ஒரு டிராலி, மேலே உருளைகள். அடுத்த டை, போல்ட், ஸ்பேனர் எல்லாம் முதல் வேலை ஓடும்போதே டிராலியில் ஏறிவிடும். இப்போது 25 நிமிடம்.

மிச்சமான நேரத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முன்பு, மாற்றுவதே தொல்லை என்பதால் டை ஏறினால் 8,000 பீஸ் அடித்துவிடுவோம். கம்பெனி கேட்டது 2,000 தான். மீதி மூட்டையில் கிடக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் பட்டறைக்குள் முட்டி வரை தண்ணீர். நாலு நாள் கழித்துக் கதவைத் திறந்தால் மூட்டை எல்லாம் துரு. வட்டிக்கு வாங்கிப் போட்ட ஷீட் அது. டொயோட்டா முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ ஏழு விரயம் சொல்வார். அதில் மோசமானது தேவைக்கு மேல் செய்வது, மற்ற குறைகளை எல்லாம் அது மூடி மறைத்துவிடும் என்பார். எனக்கு அது அந்த மூட்டையைப் பிரித்த அன்றுதான் புரிந்தது.

எண்ணூர் பழைய தொழிலாளி:
தம்பி, டிராலி நல்ல வேலை. நாலு பேர் முதுகு தப்பித்தது. ஆனால் லீன் என்ற பெயரில் நான் பார்த்தது வேறு. ஒரு வாகன ஆலையில் 31 வருஷம் லைனில் நின்றவன் நான். ஒரு நாள் ஸ்டாப் வாட்சோடு இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீர் டிரம் வரை நான் நடப்பது 22 அடி, அது ‘விரயம்’ என்று எழுதிக்கொண்டார்கள். மறு வாரம் என் பக்கத்திலேயே பாட்டில் வைத்துவிட்டார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 22 அடியில்தான் நான் இடுப்பை நிமிர்த்துவேன். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்து, மணிக்கு இரண்டு வண்டி கூடுதலாகக் கேட்டார்கள்.

இது புதுக் கதையும் இல்லை. 1918-ல் பெரம்பூர் பின்னி மில் ஆட்கள் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது, அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. எது விரயம், எது மூச்சு என்று யார் முடிவு செய்வது? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. கம்பெனி தன் ஸ்டோரைக் காலி செய்துவிட்டு “தினம் மூன்று தடவை கொண்டுவா” என்றால் சரக்கு மறைந்துவிடுமா? கம்பெனி கிடங்கில் இருந்தது உங்கள் கொட்டகைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். வட்டி உங்களுக்கு.

பெரம்பூர் குவாலிட்டி:
ஐயா, நீங்கள் பட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்த முறையின் பாதியை மட்டும் வெட்டி எடுத்தது. ஜப்பானில் மூன்று சொல் சேர்ந்தே வரும்: முதா விரயம், முரா ஏற்ற இறக்கம், முரி ஆள் மேலும் மிஷின் மேலும் சக்திக்கு மீறி ஏற்றும் சுமை. உங்களுக்கு நடந்தது முரி. அதை ஒழிக்கச் சொன்ன முறையின் பெயரிலேயே அதைச் செய்திருக்கிறார்கள்.

இந்த யோசனையின் வேர் தறியில் இருக்கிறது. சாகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். கார் ஆலையில் அதுவே கயிறானது. தப்பு தெரிந்தால் யாரும் கயிற்றை இழுக்கலாம், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். நிறுத்தும் உரிமையைத் தொழிலாளி கையில் கொடுத்த முறை அது.

எண்ணூர் பழைய தொழிலாளி:
எங்கள் லைனிலும் கயிறு இருந்தது சார். இழுத்தவன் பெயரை நோட்டில் எழுதினார்கள். இரண்டு மாதத்தில் யாரும் அதன் பக்கமே போகவில்லை.

வண்ணை தையல்:
நான் பழைய வண்ணாரப்பேட்டையில் சட்டை தைத்துக் கொடுக்கிறேன், 14 மிஷின். இரண்டு பேர் சொல்வதும் என் யூனிட்டில் நடந்திருக்கிறது.

முன்பு 50 சட்டை ஒரு கட்டு. போன தீபாவளிக்கு முன் காலர் கால் இஞ்ச் குறைவாக வெட்டி வந்துவிட்டது. செக்கிங் டேபிளுக்கு முதல் கட்டு வந்தபோதுதான் தெரிந்தது, அதற்குள் ஆறு கட்டு ஏறிவிட்டது. 300 காலர் பிரித்தோம். என் மாமியார் உட்பட நாலு பேர் விடிய விடிய பிளேடு பிடித்தோம். இப்போது கட்டுக்கு 10 தான். தப்பு பத்திலேயே பிடிபட்டுவிடும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் எங்களுக்குப் பீஸ் கூலி. கட்டு சின்னதானபோது, சட்டைக்குக் கை தைப்பவர் தாமதமானால், அடுத்து ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் அக்கா சும்மா உட்கார வேண்டி வந்தது. ஏழு விரயத்தில் காத்திருப்பதும் ஒன்று. பீஸ் கூலியில் அந்த விரயத்துக்குக் காசு கொடுப்பது முதலாளி இல்லை, அந்த அக்கா. அதனால்தான் அது எங்கள் கண்ணிலேயே படுவதில்லை. இரண்டு மாதம் கழித்து, காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி என்று மாற்றினேன். அதற்கப்புறம்தான் கை தைக்கும் இடத்தில் இன்னொரு மிஷின் போட வேண்டும் என்று எனக்கே உறைத்தது.

டிரெய்லர் திருவொற்றியூர்:
நேரத்துக்குச் சரக்கு என்று பேசுகிறவர்கள் ஒரு தடவை என் வண்டியில் ஏறி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வாருங்கள். ஹார்பர் கேட்டில் ஒரு நாள் இரண்டு மணி நேரம், ஒரு நாள் ராத்திரி முழுக்க. இந்த ரோட்டை நம்பி ஸ்டாக் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

பெரம்பூர் குவாலிட்டி:
அவர் சொல்வது சரி. டொயோட்டாவே அடி வாங்கிக் கற்றதுதான். 1997 பிப்ரவரி 1-ம் தேதி ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீ. பிரேக்கில் வரும் சின்ன வால்வு, அநேகமாக முழுக்க அங்கிருந்துதான் வந்தது. டொயோட்டா கையில் சில மணி நேரத்து இருப்புதான். சில நாட்களில் ஜப்பானில் அவர்கள் ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஊரிலுள்ள பட்டறைகள் எல்லாம் வால்வு செய்ய இறங்கின. தையல் மிஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூடச் செய்தது, மேடம். ஒரு வாரத்துக்குள் லைன்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப் மாதிரியான பொருளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு வைத்திருக்கச் சொன்னார்கள். 2021 தொடக்கத்தில் மற்ற கம்பெனிகள் சிப் இல்லாமல் தவித்தபோது அதுதான் அவர்களுக்குக் கை கொடுத்தது. இருப்பே கூடாது என்பது லீன் இல்லை. எது, எவ்வளவு, ஏன் என்று தெரிந்து வைப்பதுதான்.

எண்ணூர் பழைய தொழிலாளி:
அங்கே அவ்வளவு பட்டறைகள் ஓடி வந்தது எதனால்? நாளைக்கும் ஆர்டர் வரும், பணம் வரும் என்ற நம்பிக்கை. இங்கே 2006-ல் வந்த சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் சிறு பட்டறைக்குப் பணம் கொடுக்க வேண்டும். தம்பி, உங்களுக்கு எத்தனை நாளில் வருகிறது?

வியாசை பிரஸ் ஷாப்:
90 ஐயா. சில சமயம் 110.

நேரமும் ஒரு சரக்குதான் என்று பார்த்தால், என் பட்டறையிலேயே பெரிய கையிருப்பு, பணம் வராமல் கிடக்கும் அந்தப் பில்தான். அதை எந்த டிராலியாலும் குறைக்க முடியாது. கம்பெனிக்காரர்கள் சப்ளையர் கூட்டத்தில் லீன் வகுப்பு எடுக்கும்போது, அடுத்த தடவை எழுந்து இதைக் கேட்கத்தான் போகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட மாட்டேன். கம்பெனி அநியாயம் செய்கிறது என்பதற்காக ஸ்பேனரைத் தேடிக்கொண்டே இருக்க முடியாது. அந்த 75 நிமிடம் எங்களுடையது. துருப்பிடித்த 6,000 பீஸும் எங்களுடையதுதான்.

டிரெய்லர் அண்ணன் சொன்னதால் ஒன்றை மாற்றுகிறேன். தினம் போகிற அந்த ஒரு பிராக்கெட் மட்டும் மூன்று நாள் இருப்பு. தரையில் இல்லை, அந்த மழைத் தண்ணீர் நின்ற கறைக்கு இரண்டடி மேலே ரேக் அடிக்கிறேன்.

எண்ணூர் பழைய தொழிலாளி:
அந்த 75 நிமிடத்தில் உங்கள் ஏழு பேருக்கு என்ன கிடைத்தது?

வியாசை பிரஸ் ஷாப்:
இதுவரை ஒன்றும் இல்லை ஐயா, உண்மையைச் சொல்கிறேன். சீக்கிரம் முடிந்ததால் வேறு வேலை எடுத்தேன். ஓவர்டைம் குறைந்து இரண்டு பேருக்கு மாதச் சம்பளமே இறங்கிவிட்டது. வண்ணை அக்கா காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி என்று எழுதியதைப் படித்ததிலிருந்து அதுதான் மனசில் ஓடுகிறது. இந்தச் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அவர்களோடு உட்கார்ந்து, குறைந்த ஓவர்டைம் எவ்வளவு, புது வேலையில் வந்தது எவ்வளவு என்று கணக்கை விரித்து வைக்கிறேன். நீங்களும் வர முடியுமா ஐயா? டிராலியையும் பார்க்கலாம்.

எண்ணூர் பழைய தொழிலாளி:
சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன். வீடியோவை அழித்துவிடாதீர்கள், அதையும் பார்க்க வேண்டும்.