கொலோன் பீர்க்கூடங்கள்: நடந்து சுற்றியவர்கள் சொல்லுங்கள்

மழைநடை:

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு வருகிறவர்களில் பலர் டோம் தேவாலயத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ரைன் பாலத்தில் தொங்கும் காதல் பூட்டுகளைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுகிறார்கள். பழைய நகரத்தின் பீர்க்கூடங்களுக்குள் போகிறவர்களும் அங்கே நடப்பது பிடிபடாமல் ஒரு கிளாஸோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். நான் மாலையில் கைடோடு கிளம்பும் ஒரு நடைப்பயணத்தில் சேர்ந்து சில கூடங்களைச் சுற்றினேன். பார்த்ததைச் சொல்கிறேன். போய்வந்தவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

முதலில் நுழைந்தது டோமுக்குப் பக்கத்திலேயே 1904 முதல் இருக்கும் ஃப்ரூ என்ற கூடம். உட்கார்ந்ததும் எங்கள் குழுவில் ஒருவர் பீர் பட்டியலைத் தேடினார். கைடு சிரித்துக்கொண்டே, "இங்கே பீர் என்றால் கோல்ஷ்தான். சும்மா உட்காருங்கள், தானாக வரும்" என்றார். வந்தது.

கொண்டுவந்தவரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கூடங்களின் சர்வருக்கு கோபெஸ் என்று பெயர். நீல உடுப்பு, இடுப்பில் நீளமாகக் கட்டிய துணி, அதன்மேல் தோல் பணப்பை. கையில் வட்டத் தட்டு. அதன் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கைப்பிடி, சுற்றிலும் குழிகள், குழிக்கு ஒன்றாக ஒல்லியான கிளாஸ்கள். ஒவ்வொன்றிலும் 200 மில்லிதான். கிளாஸுக்கு அடியில் போடும் அட்டைமேல் கிளாஸை வைத்தார், பென்சிலால் அட்டையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார், போய்விட்டார். கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்தது. இன்னொரு கோடும் விழுந்தது. நிறுத்த வேண்டுமென்றால் அந்த அட்டையை எடுத்து கிளாஸின் வாயை மூடிவிட வேண்டும். அதுதான் "போதும்". மூடாமல் பேச்சில் மூழ்கியிருந்தால் கிளாஸ் வந்துகொண்டேதான் இருக்கும். கிளம்பும்போது கோடுகளை எண்ணித்தான் காசு வாங்குகிறார்கள். தனியாக பில் என்று ஒன்றும் வரவில்லை.

இவ்வளவு சின்ன கிளாஸ் எதற்கு என்று கேட்டேன். கோல்ஷ் சீக்கிரம் நுரை இறங்கிச் சப்பென்று ஆகிவிடும் பீர். பெரிய கிளாஸில் ஊற்றினால் கடைசி மடக்கு வாய்க்கு விளங்காது. அதனால் கொஞ்சமாக ஊற்றி, அடிக்கடி மாற்றுகிறார்கள். பீப்பாயை மேடைமேல் ஏற்றி, குழாயைத் தட்டிப் பொருத்தி, வாயு அழுத்தம் எதுவும் கொடுக்காமல் அது தானாக இறங்கும் வேகத்தில் கிளாஸ்களை நிரப்புகிறார்கள். அதற்கென்றே ஒரு ஆள் நாள் முழுக்க அங்கே நிற்கிறார். அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விட்டது. குழாயை மூடுவதே இல்லை. ஒரு கிளாஸ் விலகும் நேரத்தில் அடுத்தது அடியில் வந்துவிடுகிறது.

இன்னொன்று. கோல்ஷ் என்ற பெயரை ஊரெல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. 1986இல் கொலோன் வட்டார மதுவாலைகள் 24 சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்த வட்டாரத்தில் காய்ச்சினால்தான் கோல்ஷ். அந்த ஒல்லி கிளாஸ்கூட ஒப்பந்தத்தில் வருகிறது. 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு. ஒரு கிளாஸுக்குப் பின்னால் இத்தனை காகிதங்களா என்று தோன்றியது.

தண்ணீர்க்குடம்:

நான் குடிப்பதில்லை. கணவர் ஆசைப்பட்டார் என்று கூடப் போனேன், இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்ற கவலையோடு. கோபெஸிடம் தண்ணீர் கேட்டேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டுவரட்டுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கைடு காதோரமாக, "இது இந்த ஊரில் காலங்காலமாகச் சொல்லும் ஜோக். கோபெஸ் கிண்டல் செய்யவில்லை என்றால்தான் நீங்கள் வருத்தப்பட வேண்டும்" என்றார். திருப்பிக் கொடுத்தால் அவர்களுக்குப் பிடிக்குமாம். "சோப்பு வேண்டாம், துண்டு மட்டும் போதும்" என்றேன். அப்போதுதான் சிரித்தார். தண்ணீரும் வந்தது, துண்டு மட்டும் வரவில்லை.

குடிக்காதவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஆல்கஹால் இல்லாத கோல்ஷும் கிடைக்கிறது, கேட்டால் தருகிறார்கள். நான் ஒன்று வாங்கிப் பார்த்தேன். கொஞ்சம் கசப்பு, பரவாயில்லை.

எனக்குப் பிடித்தது கட்டடங்கள்தான். சில கூடங்களில் நுழைவுப் பக்கமும் உள்கூடமும் சேரும் இடத்தில் மரத்தால் அடைத்த ஒரு சின்ன அறை இருக்கிறது. தேவாலயத்தில் பாவமன்னிப்பு கேட்கும் கூண்டின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் முதலாளியோ முதலாளியம்மாவோ அதற்குள் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்களாம். எத்தனை பீப்பாய் காலி, எந்த கோபெஸ் எத்தனை கிளாஸ் எடுத்தான் என்று எல்லாம் அங்கிருந்தே தெரியும். கொலோன்காரர்களின் நையாண்டியைப் பாருங்கள்!

ஃப்ரூவுக்கு எதிரில் 1899இல் கட்டிய குட்டிக் குள்ளர்களின் நீரூற்றையும் தவறவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் தூங்கும்போது அந்தக் குள்ளர்கள் வந்து எல்லா வேலையையும் முடித்துவைப்பார்களாம். அவர்களை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு தையல்காரர் மனைவி படியில் பட்டாணியைக் கொட்டிவைக்க, வழுக்கி விழுந்தவர்கள் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்பது கதை.

ரைன்கரை:

நான் யேர்மனியில்தான் இருக்கிறேன். கைடு கட்டாயம் தேவை என்று நினைக்கவில்லை. மழைநடை அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுப் போனாலே பாதி வேலை முடிந்தது. நான் சேர்ந்த பயணத்தில் கைடு கூடத்துக்கு ஒரு கிளாஸ் கணக்கில் எங்களை விரட்டிக்கொண்டே போனார். உட்கார்ந்து சூடு பிடிக்கும்போது எழுப்பிவிடுவார். கூடவே, "இந்தச் சுவர் நானூறு வருடமாக இப்படியே இருக்கிறது" என்று அடிக்கடி சொன்னார். 1942 மே மாதக் கடைசியில் ஒரே இரவில் ஆயிரம் விமானங்கள் வந்து குண்டு போட்ட நகரம் இது. பழைய நகரம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி போருக்குப் பிறகு திருப்பிக் கட்டியது. அதைச் சொன்னால் சுவை குறைந்துவிடுமா என்ன? எனக்குக் கூடித்தான் போனது.

எனக்குப் பிடித்த இடம் ஃப்ரீசன் தெருவிலுள்ள பெஃப்கன். 1883 முதல் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். அவர்கள் பீர் பீப்பாயிலிருந்து நேராக ஊற்றுவது. மேசைகள் நீளம். தனி மேசை என்று எதிர்பார்க்கக் கூடாது. இடம் இருக்கிற இடத்தில் போய், காலியா என்று கேட்டு உட்கார வேண்டியதுதான். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான ஊர்க்காரர் இருந்தார். நான் காலிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு கோபெஸைத் தேடிக் கையை உயர்த்தப் போனேன். அவர் என் கையை மெதுவாக இறக்கிவிட்டு, "கூப்பிட்டால் வரமாட்டான், கூப்பிடாவிட்டால் வருவான்" என்றார். அப்படியே நடந்தது. பிறகு பகல் முழுக்கப் பார்த்த வேலை, காலநிலை, உதைபந்தாட்டம் என்று அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். இருபது பேர் கொண்ட குழுவோடு போனால் இது வாய்க்காது.

மழைநடை:

ரைன்கரை சொல்வது சரிதான், குழு பெரிதானால் ஊர்க்காரர்கள் நம் பக்கமே திரும்புவதில்லை. எங்கள் குழு சின்னது, அதனால் தப்பித்தோம். ஆனால் மொழி தெரியாதவர்களுக்கு முதல் தடவை கைடு இருப்பது நல்லது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஹொய்மார்க்ட் சதுக்கத்தில் 1858இல் தொடங்கிய மால்ஸ்மியூலே கூடத்தில், 1999இல் எட்டு பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடிய ஜி8 மாநாட்டுக்கு வந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் சாப்பிட்டுவிட்டுப் போனதையெல்லாம் கைடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

செம்புநிறம்:

கொலோனோடு நிறுத்திவிடாதீர்கள். ரயிலில் சுமார் நாற்பது கிலோமீட்டர் வடக்கே போனால் டுசல்டோர்ஃப். அங்கே ஆல்ட் என்ற பீர், செம்பு நிறம், கசப்பு தூக்கல். ஆற்றோரம் 1862 முதல் இருக்கும் ஊரிகே கூடத்தில் மாலை நேரத்தில் உள்ளே இருக்கும் கூட்டத்தைவிட வெளியே தெருவில் கிளாஸோடு நிற்கும் கூட்டம்தான் அதிகம். அட்டை, பென்சில் கோடு, கேட்காமல் வரும் அடுத்த கிளாஸ், குறும்புக்கார கோபெஸ் எல்லாம் அங்கேயும் அப்படியே.

ஆனால் அதை அவர்களிடம் சொல்லக் கூடாது. டுசல்டோர்ஃபில் எங்கள் கைடிடம் எங்களில் ஒருவர், "கொலோனிலும் இப்படித்தானே?" என்று அப்பாவியாகக் கேட்டார். மனிதர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அங்கே அட்டை உண்டு, பீர் எங்கே இருக்கிறது?" என்றார். கொலோன் போய் ஆல்ட் கேட்டாலும் இதே மரியாதைதான். இத்தனைக்கும் இரண்டுமே ஒரே வகையில், நொதிக்கும்போது மேலே மிதந்து வரும் ஈஸ்ட் போட்டு, பிறகு குளிரில் வைத்துப் பக்குவப்படுத்தும் பீர்கள். மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் நிறமும், கசப்பு தரும் ஹாப் பூவின் அளவும்தான் வேறு. பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு:

அடுத்த மாதம் போகிறோம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது உண்டா? காசாக வைத்திருக்க வேண்டுமா? எவ்வளவு ஆகும்?

தண்ணீர்க்குடம்:

ஹால்வே ஹான் கேளுங்கள் தம்பி. ரை என்ற தானியத்தில் செய்த கருத்த ரொட்டி, கனமான கௌடா சீஸ் துண்டு, கடுகு விழுது, சமைக்காத வெங்காயம். வயிறு நிறையும். மசித்த உருளைக்கிழங்கும் ஆப்பிள் கூழுமாக இன்னொன்று வரும், பார்க்கச் சைவம் மாதிரியே இருக்கும், ஆனால் மேலே வைத்திருப்பது இரத்தத்தில் செய்த தொத்திறைச்சி. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைநடை:

கொஞ்சம் காசாக வைத்துக்கொள்வது நல்லது. கிளாஸ் ஒன்றுக்கு இரண்டு யூரோவுக்குமேல் ஆகும். தொகையை மேலே முழுசாக்கிக் கொடுத்தால் அதுவே டிப்ஸ். பயணக் கட்டணத்தில் பீர் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள், ஆளுக்கு ஆள் மாறுகிறது. நவம்பர் 11ஆம் தேதி கார்னிவல் தொடங்கும் நாள், அன்றைக்குக் கூடங்களுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. பிறகு, ஐந்து கிளாஸ் சேர்ந்தால் ஒரு லிட்டர், கிட்டத்தட்ட 5 சதவீத ஆல்கஹால். கிளாஸைப் பார்க்காமல் அட்டையில் இருக்கும் கோடுகளைப் பாருங்கள்.