பெட்டியில் இரண்டு எண்கள்

அக்கா: படுக்கையறைக்கு நகர்த்தும் ஏசி வாங்கப் போகிறோம். வாடகை வீடு, சுவரைத் துளைக்க முடியாது. குளிரூட்டும் திறன் 12,000 பிடியூ உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். போதுமா?

தம்பி: தாராளமாகப் போதும் அக்கா. 12,000 என்றால் ஒரு டன்.

சித்தப்பா: பணம் கட்டிவிட்டாயா அம்மா? இல்லையென்றால் பொறு. அறையின் அளவைச் சொல்.

அக்கா: இன்னும் கட்டவில்லை சித்தப்பா. 15 அடிக்கு 12 அடி. மேற்குப் பார்த்த ஜன்னல். நான்கு பேரும் அங்கேதான் படுக்கிறோம்.

சித்தப்பா: 180 சதுர அடி. 150 முதல் 250 வரை 6,000 பிடியூ என்பது பொதுக் கணக்கு. மாலை வெயிலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 6,600. இரண்டு பேருக்கு மேல் ஆளுக்கு 600. ஆக 7,800.

தம்பி: அப்படியானால் 12,000 அதிகம்தானே?

சித்தப்பா: அதே நினைப்பில்தான் நானும் வாங்கினேன். ஒரு கோடை முழுக்கப் புழுங்கினோம். ஜன்னல் வழியாக ஒரே குழாயை வெளியே விடும் ஒற்றைக் குழாய் ஏசி, அறையில் குளிர்ந்த காற்றையே உறிஞ்சி, அதில் வெப்பத்தை ஏற்றி வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியாக வெளியிலிருந்து சூடான காற்று உள்ளே வரும். போதாததற்கு அந்தக் குழாயும் அறைக்குள்ளேயே சுடும். இந்த இழப்பையெல்லாம் கழித்த எண்ணை எஸ்ஏசிசி என்று சில பெட்டிகளில் தனியாக அச்சிட்டிருப்பார்கள். அதைத் தேடிப் பார்.

அக்கா: இருக்கிறது சித்தப்பா! பெரிய எழுத்தில் 12,000, அடியில் பொடி எழுத்தில் 6,500.

சித்தப்பா: உன் அறைக்கு அது போதாது.

அத்தை: அப்படியென்றால் இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடலாமே?

சித்தப்பா: வேண்டாம். அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும். ஈரப்பதம் குறைய நேரம் கிடைக்காது. குளிர் இருந்தும் உடம்பு பிசுபிசுக்கும். எஸ்ஏசிசி 8,000 அளவில் பார்க்கட்டும். இரட்டைக் குழாய் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. வெப்பத்தை வெளியேற்றத் தேவையான காற்றை அது வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அறைக்காற்றை வீணாக்காது.

அக்கா: இரட்டைக் குழாயில் 8,000 எஸ்ஏசிசி ஒன்று இருக்கிறது.

சித்தப்பா: நல்லது. குழாயை நீட்டி வளைக்காமல் ஜன்னலை ஒட்டியே வை. மாலையில் திரையை இழுத்துவிடு.

தம்பி: குழாயைப் பொருத்தும் ஜன்னல் தகடு பொருந்துமா என்று பார்க்க வேண்டுமே அக்கா.

அக்கா: அளவுநாடாவை எடுத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சொல்கிறேன்.