கானாடுகாத்தான் வீட்டு வாடகை: வாரநாட்களில் வருமானத்தைக் கூட்ட வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் (முன்பகுதிக்கு அடுத்த பகுதியில்) நான்கு அறைகளைச் செப்பனிட்டு, இரண்டு ஆண்டுகளாக இணையம் வழியாகப் பயணிகளுக்கு விடுகிறோம். அறைக்கு இரவு ஒன்றுக்கு 4,500 ரூபாய். மார்கழி, தை மாதங்களில் சனி, ஞாயிறு நிரம்பிவிடுகிறது. மற்ற நாட்களில் வீடு பூட்டியே கிடக்கிறது. ஓடு மாற்றுவதற்கும் மரவேலைப் பராமரிப்புக்குமே வருமானம் போய்விடுகிறது. வாடகையை 3,000 ரூபாயாகக் குறைக்கலாமா, அல்லது கடன் வாங்கி இன்னும் இரண்டு அறைகளைச் செப்பனிடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (காரைக்குடி):
இரண்டும் வேண்டாம். உங்களிடம் வருகிறவர் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ புறப்பட்டுவிடுகிறார் என்பதுதான் குறை. ஓர் இரவு தங்கலில் துணி வெளுப்பது, கூட்டித் துடைப்பது என 900 ரூபாய் போனால் கையில் நிற்பது 3,600. அதே விருந்தினரை இரண்டாம் இரவுக்கு 3,800 ரூபாய் சலுகையில் நிறுத்தினால், துப்புரவுச் செலவு ஒரு முறைதான் என்பதால் 7,400 ரூபாய் நிற்கும்.

அவர் தங்குவதற்குக் காரணம் வேண்டுமல்லவா? காலையில் பிள்ளையார்பட்டி, பிறகு ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையாலேயே தரைக்கல் வார்க்கும் பட்டறை, மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். மறுநாள் திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் என்று ஒரு தாளில் எழுதி, முன்பதிவு செய்த அன்றே அனுப்பிவிடுங்கள். வந்த பிறகு கொடுத்தால் பயன் இல்லை. அதற்குள் அடுத்த ஊரில் அறை எடுத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையை மந்தமான பருவம் என்று ஒதுக்கவும் வேண்டாம். நாலாபக்கத் தாழ்வாரத்திலிருந்தும் மழைநீர் வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்தில் இறங்குவதைப் படமெடுத்துப் போட்டதிலிருந்து, மழையைப் பார்க்கவே எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

மறுமொழி 2 (தேவகோட்டை):
தம்பி, சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லையே! எங்கள் வீட்டில் அறை வாடகைக்கு அடுத்த பெரிய வரவு அடுப்படியில் இருந்துதான் வருகிறது. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், மாலையில் கந்தரப்பமோ கவுனி அரிசிப் பொங்கலோ வைத்து, அதற்குத் தனி விலை சொல்லுங்கள். பணியாரம் ஊற்றக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களை ஒரு மணி நேரம் அடுப்பருகே உட்கார வைத்தால், அதற்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள். ஆனால் பெரிய பட்டியல் போடாதீர்கள். ஊரில் கைப்பக்குவம் உள்ள ஓர் ஆச்சியைச் சேர்த்துக்கொண்டு, அவருக்கு நன்றாகக் கைவந்த நான்கைந்து பண்டங்களோடு நிறுத்துங்கள்.

மறுமொழி 3 (சென்னை, சொந்த ஊர் பள்ளத்தூர்):
வாரநாட்களில் படப்பிடிப்புக்குக் கேட்டு வருவார்கள்; ஒரு நாள் தொகை பெரிதாகத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு முறை விட்டதில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்துவிட்டார்கள். அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதற்குள் வந்த பணம் கரைந்துவிட்டது. முன்பணமும் எழுத்து மூலமான நிபந்தனையும் இல்லாமல் விடாதீர்கள்.

வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் அவர்கள் விவரத்தை அதற்கான அரசுப் படிவத்தில் (முன்பு சி படிவம்) இணையத்தில் பதிவேற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், வீடு பொதுவில் இருக்குமானால் பங்காளிகள் அனைவரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்; வருமானம் கூடிய பிறகு கேட்டால் பேச்சே வேறாக இருக்கும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வீட்டில் ஐந்து புள்ளிகளுக்கு (மணமான குடும்பங்களுக்கு)ப் பங்கு உண்டு. அவர்களில் மூவர் வாய்மொழியாகவே சம்மதித்திருக்கிறார்கள். தைப் பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது எழுதி வாங்கிவிடுகிறேன். கூடுதல் அறைக்கான கடன் யோசனையைக் கைவிட்டோம். இரண்டு இரவுச் சலுகையை இந்த வாரமே போடுகிறேன். தேவகோட்டை ஆச்சி, வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசி, உளுந்து அளவை மட்டும் எழுதுவீர்களா?

மறுமொழி 2 (தேவகோட்டை):
ஒரு டம்ளர் பச்சரிசியை அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அளவு.